எடைமேடை ஸ்டாப்பில் இறங்குகிறவன்

நண்பா,

என் சாப்பாட்டுப் பையில் இன்றைக்கும் நீ கொடுத்த பழைய கேன்வாஸ் ஷூவின் வாடைதான். எலுமிச்சைச் சாதத்தோடு சேர்ந்து அது ஒரு தனி மணமாகிவிட்டது. "சோத்துப் பையில ஷூவ வெக்கிற ஒரே மனுசன் நீதான்" என்று வீட்டுக்காரி தினமும் திட்டுகிறாள். வாங்கிக்கொண்டு சிரிக்கிறேன்.

சர்க்கரை ஏறிவிட்டது, நடக்காவிட்டால் ஊசிதான் என்று டாக்டர் சொன்ன பிறகு எத்தனை சபதம் போட்டேன்! விடியற்காலை ஐந்தரைக்கு நடை என்று ஆரம்பிப்பேன். அடுத்த வாரமே நைட் ஷிப்ட் வரும். ஐந்தரைக்கு மெஷின் முன்னால் நின்றுகொண்டிருப்பேன். விட்டது விட்டதுதான். எனக்கு மனவுறுதி இல்லை என்று உன்னிடம் புலம்பினேன். பக்கத்து மெஷின்காரன் நீ, டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னாய்: "உறுதியெல்லாம் வுடு மச்சான். ஷிப்ட்டு வாராவாரம் மாறும். எந்த ஷிப்ட்டுன்னாலும் கம்பெனி பஸ்ஸுலதான ஊட்டுக்குப் போறோம்? ஒரு ஸ்டாப்பு முன்னாடி எறங்கிக்கலாம்."

அப்படித்தான் நம்ம ஊர் எளாவூருக்கு முந்தின ஸ்டாப்பில், லாரிகளை ஏற்றி எடை பார்க்கும் மேடை அருகே, இருவரும் இறங்கினோம். முதல் நாள் வீரமாக, இரும்பு முனை வைத்த கம்பெனி ஷூவோடே நடந்தேன். வீடு சேர்வதற்குள் இரண்டு குதிகாலிலும் கொப்புளம். மறுநாள் இந்த ஷூவை என் மடியில் போட்டாய். "நடக்கவேணாம். சும்மா போட்டுக்கினு எறங்கு, போதும்." இறங்கிய பிறகு நடக்காமல் என்ன செய்வது? கெட்டிக்காரன் நீ!

தினமும் எடைமேடையைக் காட்டி, "உன்ன இதுல ஏத்துனா ஓவர்லோடுன்னு கேஸு போட்ருவான்" என்பாய். சிரித்துச் சிரித்தே வீடு வந்துவிடும். சில மாதத்தில் சர்க்கரை இறங்கியது, பேன்ட்டும் இறங்கியது.

பிறகு உனக்குக் காமாலை வந்தது. இரண்டே வாரம், போய்விட்டாய்.

"தெனம் நடந்த மனுசனே பூட்டான், இனிமே இன்னாத்துக்கு நடக்கிறது?" என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். எனக்கும் அது சரியென்றே பட்டது. ஷூவைத் தூக்கிப் பரணில் போட்டேன்.

ஆனால் பஸ் எடைமேடையில் நின்றது. டிரைவர் அண்ணன் கதவைத் திறந்துவிட்டு இன்ஜினையும் அணைத்தார். காலை ஷிப்ட் முடித்து, பசியோடு நாற்பது பேர். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். போகலாம் என்று கையசைத்தேன். மறுநாளும் நிறுத்தினார், மறுநாளும் கையசைத்தேன். மூன்றாம் நாள் "யோவ், எறங்குய்யா! பசிக்குது!" என்று மொத்த பஸ்ஸும் கத்தியது. மானம் போக, கம்பெனி ஷூவோடே இறங்கினேன்.

அண்ணன் ஜன்னலில் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "அவன்தான் ஆஸ்பத்திரிலேர்ந்து போன் போட்டான். 'நான் இல்லன்னாலும் நிறுத்துண்ணா, அவன் உறுதியால எறங்கமாட்டான், வெக்கத்தால எறங்கிடுவான்'னு."

அன்று அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் நடந்தேன். குதிகாலில் பழைய இடத்திலேயே கொப்புளம். வீட்டுக்குப் போனதும் பரணில் ஏறினேன்.

இனி நான் தனியாக இறங்கப்போவதில்லை. அன்று எல்லோரையும்விட உரக்கக் கத்தினவன், வெல்டிங் செக்‌ஷன் ஆள், அவனுக்கும் சர்க்கரையாம். இன்றைக்கு முதல்முறையாக என்னோடு இறங்கினான், இரும்பு முனை ஷூவோடு. பாதி வழியிலேயே நொண்ட ஆரம்பித்துவிட்டான்.

நாளைக்கு என் சாப்பாட்டுப் பையில் இரண்டு ஜோடி ஷூ இருக்கும். வீட்டில் திட்டும் இரண்டு மடங்கு விழும்.