தெருவில் கருகிய பெட்டி

மாப்ள,

இன்று காலை உன் ஸ்பீக்கர் பெட்டிகளில் இடதுபக்கத்துப் பெட்டியைத் திறந்தேன். வூஃபரை, அந்தப் பெரிய ஸ்பீக்கரை, வெளியே எடுத்ததுமே குப்பென்று வந்தது அதன் காயில் கம்பி கருகிய வாடை. உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்று வந்த அதே வாடை. மறுபடியும் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். வழக்கம்போல வாசலில் மைக் செட் வந்து இறங்கியது. அதில் ஒரு பாக்ஸ் பாடவில்லை. உடனே உன் மைத்துனருக்கு யோசனை வந்துவிட்டது. "அதான் மச்சான் பெட்டி உள்ள கெடக்குல்ல, தூக்கியாங்கடா!"

பத்துக்குப் பத்து அறைக்காகக் கட்டிய பெட்டிகளைத் தெருவில் வைத்து, மைக் செட்காரனின் பெரிய ஆம்ப்ளிஃபயர் வயரைச் சொருகினார்கள். நான் ஓடிப்போய்க் கத்தினேன். "அண்ணே, அது வீட்டுக்குள்ள கேக்குற பெட்டிண்ணே, தாங்காது!"

"ஏலே, எழவு வீட்டுல வந்து பெட்டிக்குச் சண்ட போடுறான் பாரு" என்றார் ஒரு பெரியவர். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். உன் மனைவி அழுதபடியே சொன்னது: "விடுங்கண்ணே. அவுக ஆசப்பட்ட பெட்டி. அதுலயே பாட்டுக் கேட்டுட்டுப் போகட்டும்." இரண்டாவது பாட்டு முடிவதற்குள் இடதுபக்கம் கரகரத்து அடங்கிவிட்டது. ஒருத்தரும் கவனிக்கவில்லை.

அதைக் கட்ட நாம் பட்ட பாடு அவர்களுக்கு என்ன தெரியும்? நீ குமுளிப் பக்கம் எஸ்டேட்டுக்கு ஜீப் ஓட்டியவன், நான் கம்பத்தில் உரக்கடையில் பில் போடுகிறவன். புதுப் பெட்டிக்கு விலை கேட்டுவிட்டு, டீ மட்டும் குடித்துத் திரும்பிய ஆட்கள். பழைய செட்டிலிருந்து கழற்றிய வூஃபர், தச்சுப்பட்டறையில் மிஞ்சிய பிளைவுட், உள்ளே அடைக்கப் போடியிலிருந்து வாங்கிய இலவம்பஞ்சு. "ரெண்டு கிறுக்கும் தலகாணி தைக்குதாக்கும்" என்று உன் மனைவி சிரித்தது நினைவிருக்கிறதா?

"நாள்பூரா ஜீப்புக்குள்ள கூச்சல் மாப்ள. வீட்டுக்கு வந்தா பாடுறவுக மூச்சு விடுறது கேக்கணும்" என்பாய். மூச்சு கேட்கக் கட்டிய பெட்டியைத்தான் ஊருக்கே அலற விட்டார்கள்.

உன்மேலும் கோபம்தான். யாராவது வால்யூமைத் தொட்டால் கையைத் தட்டிவிடுவாயே தவிர, ஏன் என்று வீட்டில் ஒருத்தருக்காவது சொல்லியிருக்கிறாயா? ஆம்ப்ளிஃபயரில் லேசான இரைச்சல் கேட்டாலே பிரித்துப்போட்டு உட்காருகிறவன், நெஞ்சுவலியை மட்டும் வெறும் கேஸ் டிரபிள் என்று சொல்லி, சோடாவைக் குடித்துவிட்டு அடிவாரத்து லோயர் கேம்ப் தாண்டி ஜீப்பில் மலையேறினாய். என்ன காதுடா உனக்கு?

காரியம் முடிந்ததும் உன் மனைவிதான் பெட்டிகளை என்னிடம் கொடுத்துவிட்டது. மதியம் தேனிக்குக் கொண்டுபோய்க் காயில் மாற்றி வந்தேன். பாடுகிறது. ஆனால் பெட்டியைச் சரியாக வைக்க இரண்டு பேர் வேண்டுமே. நீ எதிரே நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்து, "இன்னும் ஒரு விரல்கட உள்ள தள்ளு" என்பாய். பாடுகிறவள் இரண்டு பெட்டிக்கும் நட்டநடுவில் வந்து நின்று பாடுவதுபோல் கேட்கும்வரை விடமாட்டாய். இப்போது நானே தள்ளிவிட்டு, நானே ஓடிவந்து உட்கார்ந்து கேட்கிறேன். அவள் வலப்பக்கமே ஒதுங்கி நிற்கிறாள்.

என் மனைவி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "நான் வேணா அங்கன உக்காந்து சொல்லட்டா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவள் என்ன செய்வாள்? நாற்காலியை விட்டு எழுந்து போனவன் நீயல்லவா.