வாசல் நிலையை உயர்த்த வேண்டாம்

கோபன்ஹேகன்

அன்புள்ள அப்பாவுக்கு, ரோகிணி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முட்டிவலி குறைந்ததா? அம்மா மாத்திரையைத் தவறாமல் போடுகிறார்களா? நான் நன்றாக இருக்கிறேன்.

போன வாரம் எங்கள் ஆய்வுக்கூடக் கூட்டத்தில் ஒருவர், நம் ஊர்ப் பக்கத்து ஆட்கள் குட்டையாக இருப்பதற்கு மரபணு மட்டுமே காரணம் என்று முடித்துவிட்டார். நான் சண்டை போடவில்லை, பயப்படாதீர்கள். நம் புதுவயல் வீட்டு வாசலில் எடுத்த படத்தைத் திரையில் காட்டினேன். உயரம் போதாதென்று போலீஸ் வேலைக்கு எடுக்காமல் விட்ட நீங்கள் நடுவில், உங்களைவிட வளர்ந்த நான் ஒரு பக்கம், நிலையில் தலை இடிக்காமல் குனிந்து நிற்கும் தம்பி மறுபக்கம்.

"எங்கள் மரபணுவில் பாதி இவருடையது, மீதி இவரைவிடக் குட்டையான அம்மாவுடையது. இவர் வளர்ந்தது வறட்சிக்காலக் கஞ்சியில். நாங்கள் வளர்ந்தது இவர் தட்டிலிருந்து எங்கள் தட்டுக்கு வந்த முட்டையில்" என்றேன். ஒரு குடும்பம் சான்றாகாது என்றார் அவர். அதற்காகத்தான் ஆயிரக்கணக்கான குடும்பங்களை அளந்திருக்கிறோம் என்று கணக்கை விரித்தேன்.

வீடு கட்டும்போது கொத்தனாரிடம், "எங்க வம்சமே கட்டை, இம்புட்டு உசரம் போதும்" என்று கையைத் தூக்கிக் காட்டினீர்களாமே. வம்சத்தில் உயரம் இருந்திருக்கிறது அப்பா, உங்களுக்குச் சோறுதான் பத்தவில்லை.

அம்மாவிடம் கேட்டுக் கொஞ்சம் மோர்மிளகாய் அனுப்புங்கள். தனியாக உட்கார்ந்தால் சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நிலையை இடித்து உயர்த்தப் போவதாகத் தம்பி சொன்னான். வேண்டாம். உங்கள் அளவுக்கு வைத்த வாசலில் நான் குனிந்தே வருகிறேன்.

உங்கள் மகள்
ரோகிணி