கே. வசந்தாவும் எஸ். வசந்தாவும்

4.7.94 திங்கள்

காலையிலேயே அனல். தெருக்குழாயில் காற்றுதான் வந்தது. தண்ணீர் லாரிக்கு இரண்டு குடம் வைத்து இடம் பிடித்தேன்.

மகள் வசந்தா எட்டேகால் ரயிலுக்குப் போனாள். ஒன்பது வருடத் தற்காலிக வேலை. நிரந்தரம் பண்ண இன்று இன்டர்வியூ. எலி மூளையில் ஞாபகம் எங்கே தங்குகிறது என்று பார்க்கிற ஆராய்ச்சி. "எலிய விடு, உன் மூளையத்தான்பா பார்க்கணும்" என்பாள். எனக்கு எதுவும் மறக்காது.

எடுத்துப்போனவை: பச்சை ஃபைல், சர்டிபிகேட், அவள் எழுதிய கட்டுரைகள் பதினொன்று, எலுமிச்சை சாதம். கட்டுரை எனக்குப் படிக்க வராது. அ ஆவே ஐம்பத்தெட்டு வயதில் அவள் சிலேட்டில் எழுதிக் காட்டியது. ஆனால் எது எந்த மாதம் வந்தது என்று வரிசையாகச் சொல்வேன்.

எழுதினால் மட்டும் போதாதாம். மற்ற தேசத்து ஆட்கள் அவர்கள் கட்டுரையில் இவள் பேரைச் சொல்ல வேண்டுமாம். யாரை எத்தனை பேர் சொன்னார்கள் என்று பேர்வாரியாகத் தடிப் புத்தகம் வருகிறது. புரிந்தது. நான் எழுப்பிய சுவரைக் காட்டி இன்னொரு மேஸ்திரி, "இத்தப் பாத்துக் கட்டு" என்றால்தானே எனக்குப் பேர்.

5.7 செவ்வாய்

நேற்று வந்தவள் பச்சை ஃபைலைப் பரணில் போட்டுவிட்டுப் படுத்துவிட்டாள். சாப்பிடவும் இல்லை. காலையில் மாப்பிள்ளை சுந்தரம்தான் சொன்னார்.

"கிடைக்கல மாமா. இவ பேரைச் சொன்னவங்க ஒன்பது பேர்தானாம்."

ஒன்பதா? முதல் கட்டுரையை மட்டும் அறுபது பேர் சொல்லியிருப்பதாகப் போன பொங்கலுக்கு அவளே சொன்னாள். கேட்டேன்.

"அது கே. வசந்தாப்பா. அப்ளிகேஷன்ல இருக்கிறது எஸ். வசந்தா. ஆபீஸ்ல அந்தப் பேரை மட்டும் எண்ணியிருக்காங்க."

"நீ சொல்றதுதானே?"

"சொன்னேன். வெளிய வந்து, கணக்கு எண்ணின கிளார்க்குகிட்ட. சிரிச்சார். கணக்கு போன வாரமே மேல போயிடுச்சாம்."

சாயங்காலம் டீக்கடையில் அந்தோணி. என்னோடு சித்தாளாக வந்தவன். "இன்னா மேஸ்திரி, பொண்ணு எலியப் புட்ச்சி கவர்மெண்டு வேலை வாங்கிச்சா? எங்க வூட்டுப் பூனை சும்மாவே புடிக்குது." எப்போதும் சொல்வதுதான். எப்போதும் சிரிப்பேன். டீயை வைத்துவிட்டு வந்தேன்.

6.7 புதன்

முதுகுவலி. தைலம் தீர்ந்துவிட்டது.

பேருக்கு முன்னால் போடுகிற எழுத்தை மாற்றச் சொன்னது மாப்பிள்ளை இல்லை. நான். எண்பத்தைந்து, ஆவணி, கல்யாணம் முடிந்து பதினோராம் நாள். ரேஷன் கார்டில் பேர் மாற்றிய கையோடு சொன்னேன். அவள், "கட்டுரையில மட்டும் உன் எழுத்தே இருக்கட்டும்பா" என்றாள். ஊதா சேலை. கையில் மருதாணி போகவில்லை.

நான் சொன்னது: "கட்டிக்குடுத்தப்புறம் அப்பன் எழுத்த வெச்சிகினு இருந்தா மாப்பிள்ளைய மதிக்கலன்னு அர்த்தம். ஊரு என்னைத்தான் கேக்கும்."

ஊர் ஒருநாளும் அவள் கட்டுரையைத் திறந்து பார்த்ததில்லை.

11.7 திங்கள்

யாரிடமும் சொல்லாமல் அவள் ஆபீசுக்குப் போனேன். பையில் கல்யாணப் பத்திரிகை, பழைய ரேஷன் கார்டு. இன்டர்வியூவில் இருந்த பெரிய சாரைப் பார்க்க மூன்று மணி நேரம்.

"சார், நான் வசந்தாவோட அப்பா, கன்னியப்பன். அந்த கே நான்தான். கண்ணாலத்துக்கு அப்பால எஸ் ஆயிடுச்சி. ரெண்டும் ஒரே பொண்ணு சார்."

பத்திரிகையை இரண்டு தரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்த கே. வசந்தாவா இவங்க? அவங்க பேப்பரைக் காட்டி நானே மூணு தடவை எழுதியிருக்கேன், பெரியவரே. கல்யாணம் ஆகி ஆராய்ச்சியை விட்டுட்டாங்கன்னு நினைச்சேன்."

"தெரிஞ்சிடுச்சில்ல சார். மாத்திக் குடுங்க."

"இன்னொருத்தருக்கு ஆர்டர் போயாச்சு."

எழுந்து நின்று வழியனுப்பினார். நல்ல மனுஷன். அதுதான் தாங்கவில்லை. ரயிலில் பத்திரிகையைக் கிழிக்கப் பார்த்தேன். கை வரவில்லை.

12.7 செவ்வாய்

வசந்தாவிடம் சொல்லிவிட்டேன். போனது, அவர் சொன்னது, எல்லாம். "நான்தாம்மா கெடுத்தேன்" என்றேன்.

கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு, "மூணு தடவையா?" என்று கேட்டாள். "மூணு தடவைன்னா சொன்னார்?"

ஆமாம் என்றேன். முகம் ஒரு கணம் சின்னப் பிள்ளையாட்டம் ஆனது. பிறகு அடுப்படிக்குள் போய்விட்டாள். பாத்திரம் கழுவப் போவதாகச் சொன்னாள், கழுவும் சத்தம் இல்லை.

18.7 திங்கள்

தூறல். மாப்பிள்ளைக்கு ஜலதோஷம்.

மேடவாக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூவுக்கு டீச்சர் வேண்டுமாம். விண்ணப்பம் நிரப்பினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். படிப்பு, வயது, விலாசம். கடைசியில் ஒரு பெரிய கட்டம்.

"இது இன்னாம்மா?"

"எழுதின கட்டுரை ஏதாவது இருந்தா போடணும்."

பதினொன்றையும் மாதத்தோடு சொல்ல ஆரம்பித்தேன். நான்காவது வரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஸ்கேலை எடுத்து அந்தக் கட்டத்துக்குக் குறுக்கே கோடு போட்டாள்.