பிளக்கைப் பிடுங்கியது அம்மச்சிதான்

அன்புள்ள அம்மச்சிக்கு, பின்லாந்திலிருந்து சிபிச்சன் தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் நலம். முழங்கால் வலி குறைந்ததா?

பாலா ஊரில் நம் வீட்டுப் போனில் நான் இங்கிருந்தே பேசுவதற்காகக் கூடத்தில் சர்வர் பெட்டி வைத்தேன் அல்லவா? அதை வெளியிலிருந்து இணைக்கும் வேலையை உங்கள் மருமகன் குரியாச்சனிடம் விட்ட என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். மூன்று வாரமாகச் சாயங்காலம் ஆனால் இணைப்பு செத்துவிடுகிறது. அந்த மகா நிபுணர் ஒன்பது முறை பாஸ்வேர்டை மாற்றினார். ரூட்டரையும் மாற்றினார். கடைசியில், "உங்க ஊர்ல பனி விழுதுல்லடா, அதான்" என்றார். பனியாம்!

நேற்று அவர் பெண்டாட்டி, நம் லில்லி சேச்சியிடம் கேட்டேன். "துலா மாசம்டா, தினம் சாயங்காலம் இடி மழைதான். இடி இடிச்சா அம்மச்சி எல்லாப் பிளக்கையும் பிடுங்கிடுவாங்க, காலையிலதான் மாட்டுவாங்க. எங்க வீட்டுலயும் நான் பிடுங்குறேனே!" என்றாள். தன் வீட்டிலேயே தினமும் நடப்பது தெரியாத ஜென்மம் சர்வர் பார்க்க வந்துவிட்டது.

எனக்கும்தான் தோன்றவில்லை. இங்கே வந்து இரண்டு வருஷத்தில் இடியையே மறந்துவிட்டேன்.

பிளக்கைப் பிடுங்குவதை நிறுத்த வேண்டாம். தூரத்தில் முதல் முழக்கம் கேட்டதும் வீட்டுப் போனில் என் நம்பர் பன்னிரண்டை அழுத்துங்கள், நான் எடுப்பேன். எதுவும் பேச வேண்டாம், ரிசீவரை ஜன்னல் பக்கம் கொஞ்சம் பிடித்துவிட்டு, அப்புறம் பிடுங்குங்கள்.

பஸ் வந்துவிட்டது, நிறுத்துகிறேன்.

சிபிச்சன்