ஆறு குடம் தண்ணீர்

ஜெனிட்டா அப்பாவுக்கு,

ஆத்தூர் வரைக்கும் போகிறேன். முட்டைக்குழம்பு அடுப்பில் இருக்கு. பசை அப்பின கையோடு சோற்றுப் பானையைத் தொடாதீங்க.

"வருஷாவருஷம் வள்ளத்து ஓட்டையை ஒட்டக் கூலி கொடுத்து மாளல, இனி நானே ஒட்டிக்கிடுதேன்" என்று நீங்க சொன்னப்போ சிரித்துவிட்டேன். அந்தக் கோபத்தில் நேற்று ஒட்டிட்டு வந்து சாப்பிடாமலே படுத்துட்டீங்க.

விடிந்ததும் கரைக்குப் போய் வள்ளத்துக்குள் ஆறு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். நீங்க ஒட்டின நாலு இடத்திலும் சொட்டு இறங்கவில்லை. ஒழுகுவது ஒரே இடம், போன வருஷம் என் அண்ணன் கூலி வாங்கி ஒட்டினது.

பிரிஸ்கா

உங்க வேலையைச் சரிபார்க்க அண்ணனைப் பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். காப்பி மட்டும் கொடுத்து அனுப்பிடுங்க.

அண்ணன் போனதும் அந்த இடத்தையும் நீங்களே ஒட்டிடுங்க. அவனிடம் ஒன்றும் சொல்லிடாதீங்க.