ஆம்ப்ளிஃபயருக்கு ஓர் உறை

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்களும் அம்மாவும் நலம்தானே? வண்டி சீட் தைத்துத் தைத்து வந்த கழுத்து வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

நான் பேஸ் கிட்டார் வாசிப்பது ஹோட்டலின் மேல்மாடியில். ஆம்ப்ளிஃபயர் அவர்களுடையது. ஆனால் தினமும் கீழே கிடங்கிலிருந்து நான்தான் தூக்கிப்போக வேண்டும், அடிபட்டால் பொறுப்பும் நான்தான். லிஃப்ட் விருந்தாளிகளுக்கு மட்டுமாம். அது பாதி நேரம் காலியாகத்தான் போய்வருகிறது.

பாதுகாப்பாக இருக்கட்டும் என்று மரப்பெட்டி ஒன்று வாங்கினேன். அது ஆம்ப்ளிஃபயரைவிடக் கனம். போன வாரம் படியில் சறுக்கினேன், பெட்டி என் மேல் விழுந்தது. மேனேஜர் ஓடிவந்து, "மெஷினுக்கு ஒண்ணும் ஆகலியே?" என்றார்.

"ஆகல சார், மெத்தை மேலதான் விழுந்துச்சு. மெத்தை இன்னும் எந்திரிக்கல" என்றார் எங்கள் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் அண்ணன். நானும் சிரித்துவிட்டேன்.

இப்போது என் போர்வையைச் சுற்றித் தூக்குகிறேன். கடையில் கிடைக்கும் உறைகள் வெறும் துணி. நீங்கள் மெல்லிய ரெக்ஸினில் ஸ்பாஞ்ச் வைத்து ஒன்று தைத்து அனுப்புங்கள். மூலைகளில் மட்டும் ஸ்பாஞ்ச் இரட்டையாக இருக்கட்டும். அளவைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

பட்டையை இடது தோளில் மாட்டும்படி வையுங்கள். வலது கை மேலே தூக்க வரவில்லை. விரல்களும் மரத்துக் கிடக்கின்றன. கம்பியில் படுகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் வாசிக்கிறேன். இங்கே யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மெஷினை வைத்துக்கொண்டு என்னை அனுப்பிவிடுவார்கள்.

அம்மாவிடம், உறை கேட்டிருக்கிறான் என்று மட்டும் சொல்லுங்கள். படியேற நேரமாகிவிட்டது.

உங்கள் மகன்