பத்து மணித் தேத்தண்ணி

ஒக்டோபர் 25
தேர்தலில் நிற்கிற எல்லோருக்கும் எங்கள் தொலைக்காட்சி இலவசமாக நேரம் தரவேண்டும் என்று தேர்தல் ஆணைக்குழு உத்தரவாம். கொழும்பு மேலாளருக்கு ஏகக் கடுப்பு. எனக்குச் சந்தோஷம். ஹட்டன் கிளையில் இன்று ஜீவராணியின் பேச்சைப் பதிவு செய்தேன். பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள், இப்போது கொழுந்து பறிக்கிறாள், சுயேச்சையாக நிற்கிறாள். அரைநாள் வேலையை விட்டு வந்திருந்தாள்.

“எங்க லயத்து வீடுகளுக்கு நம்பர் இல்லைங்க, கடுதாசி ஒழுங்கா வந்து சேராது. நேர்முகத் தேர்வு முடிஞ்ச பொறகு அழைப்புக் கடுதாசி வந்த புள்ளைங்க இருக்காங்க.”

போகும்போது, கூட்டம் போட வழியில்லை, இதுதான் எங்களுக்குக் கூட்டம் என்றாள்.

ஒக்டோபர் 28
மேலாளர் அழைத்தார். மாலை ஏழுக்கு நாடகம், விளம்பரக்காரர்கள் விடமாட்டார்கள். எந்த நேரம் என்று உத்தரவிலும் இல்லை. சிங்களத்தில் கேட்டார்: தோட்டத்தில் காலை பத்து மணிக்குத் தேத்தண்ணி குடிப்பார்கள்தானே, அப்போது போட்டால் பார்ப்பார்கள்தானே?

ஆமாம் சேர் என்றேன்.

தேத்தண்ணி குடிப்பது உண்மைதான். ஆனால் கொழுந்து பறிக்கிற மலையில் நின்றபடி, போத்தலிலிருந்து. அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே! டிசம்பரில் வேலை ஒப்பந்தம் முடிகிறது, வம்பை விலைக்கு வாங்குவானேன் என்று — ச்சீ.

ஒக்டோபர் 29
நாளைக்குச் சொல்லிவிடவேண்டும்.

ஒக்டோபர் 30
சொல்லவில்லை.

நவம்பர் 5
போட்டுவிட்டார்கள். கால் வீக்கத்தோடு வீட்டிலிருந்த அம்மா மட்டும் பார்த்திருக்கிறாள். லயத்தில் ஒரு சனமில்லை, யாருடி இந்த நேரத்தில் போட்டது என்று கேட்டாள். முகம் கழுவப் போய்விட்டேன்.

மாலையில் ஜீவராணி அழைத்தாள்.

“நானே மலையில நின்னுட்டேன் ஜெனிதா, பாக்கல. நல்லா பேசுனேனா?”

நன்றாகப் பேசினாய் என்றேன். ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா இவள்?

நவம்பர் 15
தோற்றுவிட்டாள். பக்கத்துத் தோட்டத்தில் அவள் நின்றதே பலருக்குத் தெரியாதாம்.

டிசம்பர் 20
ஒப்பந்தம் புதுப்பித்தாயிற்று. அம்மா மாதா கோயிலில் மெழுகுதிரி ஏற்றினாள். நான் கூடப் போகவில்லை.

ஏப்ரல் 9
பிரதேச சபைத் தேர்தல் வருகிறது. போனமுறை மாதிரிப் பத்து மணியா என்றார் மேலாளர். வேண்டாம் சேர், அந்த நேரம் ஆட்கள் மலையில் நிற்பார்கள் என்றேன். அவர் கோபப்படவேயில்லை. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே, நாடகத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம் என்றார். இவ்வளவுதானா? இதற்கா பயந்து செத்தேன்?

உடனே ஜீவராணியை அழைத்தேன். இந்த முறை நிற்கவில்லையாம். பத்து மணிக்குப் போட்டதோடு மனசு விட்டுப்போச்சு என்றாள்.

“கொழும்புக்காரங்களுக்கு என்னா தெரியும். ஒன்னைய ஒரு வார்த்தை கேட்டிருந்தா நீ சொல்லியிருப்ப.”

“கேட்டாங்க ஜீவா. நான்தான் சரின்னு சொன்னேன்.”

அடுப்பில் வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 14
வருடப் பிறப்பு. நாங்கள் வேதக்காரர்கள் என்றாலும் வருடா வருடம் ஜீவராணி வீட்டுப் பலகாரம் முதலில் எங்களுக்குத்தான் வரும். இன்று வரவில்லை. ஏன் என்று அம்மா கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன்.